வளர்த்தது மக்கள், பட்டா யார் பேரில்? குருகிராம் ஆரவல்லிக் காடு கற்றுத் தரும் பாடம்

ஜூலை பிறந்தால் போதும், ஆபீஸ் மெயிலில் ஓர் அழைப்பு வந்துவிடும்: சனிக்கிழமை காலை மரம் நடுகிறோம், டீஷர்ட் உண்டு, டிபன் உண்டு. போனால் குழி ஏற்கெனவே வெட்டித் தயாராக இருக்கும். கன்றை வைத்து, மண்ணைத் தள்ளி, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். அந்தக் கன்று அடுத்த மே மாத வெயிலைத் தாண்டியதா என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் டெல்லியின் எல்லையிலேயே இருக்கிறது. குருகிராமின் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா. கல்குவாரியாக இருந்த மலைச்சரிவில், ஊர் மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் கம்பெனி ஊழியர்களும் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து ஒரு காட்டை எழுப்பினார்கள். அது எப்படி நடந்தது, இப்படிப்பட்ட காடுகளுக்குச் சட்டப்படி என்ன பாதுகாப்பு இருக்கிறது, உங்கள் ஊரில் இதுபோன்ற வேலையில் சேரும் முன் என்னென்ன கேட்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குருகிராமில் என்ன நடந்தது?

ஆரவல்லி, குஜராத்திலிருந்து ராஜஸ்தான், ஹரியானா வழியாக டெல்லி வரை சுமார் 700 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடர். உலகின் மிகப் பழைய மலைகளில் ஒன்று. தார்ப் பாலைவனத்தின் மணல் கிழக்கே நகராமல் தடுப்பதில் இதற்குப் பங்கு உண்டு. பாறை வெடிப்புகள் வழியாக மழைநீர் கீழே இறங்குவதால், நிலத்தடி நீருக்கும் இதுவே ஆதாரம். டெல்லியும் குருகிராமும் வளர வளர, கட்டடங்களுக்கு வேண்டிய ஜல்லியும் கல்லும் இந்த மலையை உடைத்துத்தான் வந்தன.

2002-இல் உச்ச நீதிமன்றம் சுரங்கத் தொழிலுக்குத் தடை போட்டது. குவாரிகள் மூடின, கிரஷர்கள் போயின. குண்டும் குழியுமான மலை மட்டும் மிச்சம். குரு துரோணாச்சார்யா மெட்ரோ நிலையத்துக்கு அருகே அப்படிக் கிடந்த இடம்தான் இன்றைய பூங்கா. பரப்பளவு சுமார் 380 ஏக்கர்.

அந்த நிலம் குருகிராம் மாநகராட்சியுடையது. 2010 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று பூங்கா தொடங்கப்பட்டது. 'ஐ ஆம் குர்கான்' என்ற குடிமக்கள் அமைப்பு மாநகராட்சியோடு கைகோத்து வேலையை எடுத்துக்கொண்டது. என்ன நடுவது, எங்கே நடுவது என்று திட்டமிட்டவர் விஜய் தஸ்மானா என்ற சூழல் மீட்பு நிபுணர். பணம் பெரும்பாலும் நிறுவனங்களின் சிஎஸ்ஆர் நிதியிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் வந்தது. நடும் பருவத்தில் கை கொடுத்தவர்கள் குடியிருப்போர் சங்கங்கள், மாணவர்கள், ஐடி ஊழியர்கள்.

இன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டுத் தாவர இனங்களும், நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்களும் இருக்கின்றன. கல் உடைத்த பள்ளங்களில் மரங்கள் நிழல் தருகின்றன.

எந்த மரம் என்பது ஏன் இவ்வளவு முக்கியம்?

'மரம்னா மரம்தானே, எதை நட்டா என்ன?' என்று நினைக்கலாம். அங்கேதான் பல திட்டங்கள் சறுக்குகின்றன.

குவாரி மூடியபின் அந்தச் சரிவு மொட்டையாக ஒன்றும் கிடக்கவில்லை. பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் ஒரே மரம். ஊர்க்காரர்கள் அதை 'விலாயதி கிகர்' என்கிறார்கள். கிகர் என்றால் கருவேலம். விலாயதி என்றால் வெளிநாட்டிலிருந்து வந்தது, அதாவது சீமை. ஆமாம், அது நம்ம சீமைக்கருவேலமேதான்! பெயரைக்கூட இரண்டு மொழியும் ஒரே மாதிரி வைத்திருக்கின்றன. ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் கண்மாய்களை அடைத்து நிற்கும் அதே மரம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இதை, விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த மரம் நிற்கும் இடத்தில் பிற செடிகள் எழும்புவது கடினம். வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். வேர்க்கழுத்தை மண்ணுக்கு உள்ளேயே வெட்டி எடுத்தால்தான் நிற்கும். பாறை நிலத்தில் அது லேசான வேலை இல்லை. ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையின் கீழே ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவை உருவாக்கியபோது, பாறைக்குள் புகுந்திருந்த வேர்களை எடுக்க 'கந்த்வாலியா' எனப்படும் பாரம்பரியக் கல்வெட்டும் தொழிலாளர்களின் உதவி தேவைப்பட்டது. பாறையில் தட்டி, வரும் ஓசையை வைத்தே எங்கே உடைக்கலாம் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

சரி, அதை எடுத்துவிட்டு எதை நடுவது? குருகிராமில் கிடைத்த விடை: ஆரவல்லியில் முன்பு என்ன இருந்ததோ அதை. ஆனால் அந்த மரங்களின் கன்று சாதாரண நர்சரியில் கிடைக்காது. அதனால் விதை தேடிப் போனார்கள். ஃபரீதாபாத் பக்கம் மாங்கர் பனி என்றொரு கோயில்காடு இருக்கிறது. குதரியா தாஸ் பாபா என்ற சாதுவின் இடம் அது. அங்கே மரத்தை வெட்டக்கூடாது என்று சுற்றுக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் ஐயனார் கோயில்காடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி மிஞ்சியிருந்த காடுகளிலிருந்து விதை எடுத்து, தனி நர்சரி போட்டுக் கன்று வளர்த்தார்கள்.

அப்படி வந்தவற்றில் சில:

தாவ்: ஆரவல்லிச் சரிவின் அடையாளமான மரம். தமிழகக் காடுகளில் இருக்கும் வெக்காலிக்கு நெருங்கிய சொந்தம். ஆடு மாடு தொடர்ந்து மேய்ந்தால் தரையோடு பாய் விரித்த மாதிரி படரும். மேய்ச்சல் நின்றால் நிமிர்ந்து மரமாகும்.

டாக்: நம்ம புரசு அல்லது பலாசு. புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் மரம். வெயில் ஏறத் தொடங்கும்போது இலை உதிர்த்துச் செந்நிறமாகப் பூக்கும்.

ரோஞ்ச்: நம்ம வெள்வேலம்.

சலாய்: நறுமணப் பிசின் தரும் மரம். கல் நிலத்தில் வளரும்.

இவற்றோடு புதர், கொடி, புல் எல்லாம் சேர்ந்தால்தான் காடு. வெறும் மரத்தை மட்டும் வரிசையாக நட்டால் அது தோப்பு.

இன்னொரு விஷயம். இப்போது நகரங்களில் 'மியாவாக்கி காடு' பிரபலம். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை இது. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்று நெருக்கமாக நடுவார்கள். சின்ன இடத்தில் சீக்கிரம் பச்சை தெரியும். ஆனால் ஆரவல்லி போன்ற வறண்ட நிலத்தின் இயல்பே இடைவெளி விட்ட மரமும் புதரும் புல்லும்தான். அங்கே அடர்காட்டைத் திணித்தால் நீர் செலவாகும், புல்வெளியை நம்பிய உயிர்களுக்கும் இடமிருக்காது. எல்லா இடத்துக்கும் ஒரே ஃபார்முலா வேலைக்கு ஆகாது.

தன்னார்வலர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

மரம் நடுவது இந்த வேலையில் சின்னப் பகுதி. வட இந்திய வறண்ட காடு ஒன்றில் ஒரு வருடம் இப்படித்தான் நகரும்.

மே, ஜூன்: வெயில் 45 டிகிரியைத் தொடும் காலம். குழி வெட்டுவது, சரிவில் மழைநீரைத் தேக்கச் சிறு வரப்பும் அகழியும் போடுவது எல்லாம் மழைக்கு முன்பே முடிய வேண்டும். காய்ந்த புல்லில் தீ பரவும் அபாயமும் இப்போதுதான் அதிகம். பாதையோரப் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள், யாராவது பீடி, சிகரெட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்களா என்று சுற்றி வருவார்கள். புரசு போன்ற மரங்களின் விதை சேகரிக்கும் பருவமும் இதுவே.

ஜூலை, ஆகஸ்ட்: பருவமழை. நடவு இப்போதுதான். நீங்கள் ஃபோட்டோவில் பார்ப்பது இந்த எட்டு வாரத்தை மட்டும்.

செப்டம்பர், அக்டோபர்: களை எடுப்பு. சீமைக்கருவேலக் கன்றும் உண்ணிச்செடியும் மழையில் கிடுகிடுவென்று முளைத்திருக்கும். சின்னதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குவது லேசு. ஒரு வருடம் விட்டால் கடப்பாரை வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை: பறவைக் கணக்கெடுப்பு, பாதை சீரமைப்பு, குப்பை அகற்றல், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து நடத்திக் காட்டுவது. எந்தக் கன்று பிழைத்தது, எது செத்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்வதும் இப்போது நடக்கும்.

மார்ச், ஏப்ரல்: நீர் ஊற்றுவது. முதல் இரண்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் கொடுத்தால்தான் கன்று தாங்கும். அதற்குப் பிறகு வேர் தானாகத் தேடிக்கொள்ளும்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? பிரபலமான வேலை எட்டு வாரம், கண்ணுக்குத் தெரியாத வேலை மீதி பத்து மாதம். நல்ல தன்னார்வ அமைப்புக்கும் சும்மா ஈவென்ட் நடத்துபவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பத்து மாதத்தில்தான் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தினமும் தண்ணீர் விடுபவர்களும் இரவில் காவல் இருப்பவர்களும் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் தொழிலாளர்கள். தோட்டக்காரர்கள், நர்சரிப் பெண்கள், காவலாளிகள். தன்னார்வலர்கள் அவர்களுக்கு மாற்று இல்லை. வார இறுதிக் கைகளை மட்டும் நம்பி 380 ஏக்கரைப் பார்த்துக்கொள்ள முடியாது. தன்னார்வலர்களின் பெரிய பலம் வேறு: நிதி திரட்டுவது, அதிகாரிகளைத் தொடர்ந்து கேள்வி கேட்பது, ஆபத்து வரும்போது கூட்டம் சேர்ப்பது.

அப்படி என்ன ஆபத்து வந்தது?

சாலை. பூங்கா தொடங்கிப் பத்தாண்டு ஆவதற்குள், டெல்லியின் வசந்த் குஞ்ச் பக்கத்திலிருந்து குருகிராமுக்கு ஆறுவழிச் சாலை போடும் திட்டம் பேசப்பட்டது. வரைபடத்தில் அந்தக் கோடு பூங்காவின் ஊடே போனது.

திட்டமிடுபவர்கள் பார்வையில் அது காலி நிலம். வீடு இல்லை, கடை இல்லை, இழப்பீடு கொடுக்கத் தேவையில்லை. நகரத்தில் மரம் நிற்கும் இடம் எப்போதும் 'மலிவான' இடம்தான். குடியிருப்போர், மாணவர்கள், பறவை பார்ப்பவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தார்கள். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகளே பதாகை பிடித்து நின்றார்கள். நடவு நாட்களில் உருவான அந்த உறவு இல்லையென்றால், அந்த எதிர்ப்புக்கு ஆள் சேர்ந்திருக்காது.

ஆனால் அந்தச் சம்பவம் ஒரு சங்கடமான கேள்வியையும் எழுப்பியது. இத்தனை வருடம் உழைத்தவர்களுக்கு அந்தக் காட்டின் மேல் சட்டப்படி என்ன உரிமை?

நேரடியான பதில்: எதுவும் இல்லை. நிலம் மாநகராட்சியுடையது. பராமரிப்பை யாரிடம் கொடுப்பது, எத்தனை ஆண்டுக்குக் கொடுப்பது என்பதெல்லாம் மாநகராட்சியின் முடிவு. பின்னாளில் மாநகராட்சி பெரிய வாகன நிறுவனம் ஒன்றுடன் பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொண்டதும் அந்த அதிகாரத்தில்தான்.

ஓஇசிஎம் என்கிறார்களே, அது என்ன?

2022 பிப்ரவரி 2 அன்று இந்தப் பூங்கா இந்தியாவின் முதல் ஓஇசிஎம் தளமாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்கா, சரணாலயம் என்ற பட்டியலுக்கு வெளியே இருந்தாலும், பல்லுயிர் நன்றாகக் காக்கப்படும் இடங்களுக்குத் தரும் சர்வதேச அடையாளம் இது. ஐ.நா. பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் 2018-இல் இதற்கு வரையறை வகுத்தன. 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்–மான்ட்ரியல் ஒப்பந்தம், 2030-க்குள் உலகின் நிலம், கடல் பரப்பில் 30 சதவீதத்தைக் காக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் ஓஇசிஎம் இடங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது அங்கீகாரம் மட்டுமே, பூட்டு அல்ல. ஓஇசிஎம் ஆனதால் நில உரிமை மாறாது, புதிய தடைச் சட்டம் எதுவும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. மறுபடி ஒரு திட்டம் வந்தால், 'நாட்டின் முதல் ஓஇசிஎம் தளத்தை உடைக்கப் போகிறீர்களா?' என்று கேட்பதற்கு ஒரு வலுவான வாதம் கிடைக்கும். அவ்வளவுதான்.

அப்போ எந்தச் சட்டம்தான் காப்பாற்றும்?

ஒரே சட்டம் எல்லாக் காட்டையும் காப்பதில்லை. இடத்துக்கு இடம் கவசம் மாறும்.

வனப் பாதுகாப்புச் சட்டம், 1980: காடு என்று அரசு ஆவணத்தில் பதிவான நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 1996 டிசம்பரில் கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 'காடு' என்பதை அகராதிப் பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும், யார் பெயரில் நிலம் இருந்தாலும் சரி என்றது. 2023 திருத்தம் இந்த வரம்பைச் சுருக்கியது. அதை எதிர்த்த வழக்கில், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பழைய வரையறையையே இப்போதைக்குத் தொடரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது.

பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம், 1900: ஹரியானா ஆரவல்லியின் பல பகுதிகளுக்கு இந்த நூற்றாண்டுப் பழமையான சட்டம்தான் அரண். இதன் 4-ஆம் பிரிவில் சிறப்பு ஆணை பிறப்பிக்கப்பட்ட நிலங்கள் காடுகளே என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பல்லுயிர்ச் சட்டம், 2002: மாநில அரசு ஓர் இடத்தைப் 'பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்' என்று அறிவிக்கலாம். 2007-இல் கர்நாடகத்தின் தேவனஹள்ளி அருகேயுள்ள நல்லூர் புளியந்தோப்பு நாட்டின் முதல் தலமானது. தமிழ்நாட்டில் முதலாவது மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, 2022 நவம்பரில். 2024-இல் அதே பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டது நினைவிருக்கும். ஊர் திரண்டது, சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அறிவிப்பு மட்டும் இருந்திருந்தால் போதுமா? போதாது. அறிவிப்பு இல்லாமல் போராட்டம் மட்டும் இருந்திருந்தால்? அதுவும் கடினம். இரண்டும் சேர்ந்ததால் நின்றது.

வன உரிமைச் சட்டம், 2006: காட்டை நம்பி வாழும் பழங்குடிகளுக்கும் பிற பாரம்பரிய வனவாசிகளுக்கும், தங்கள் சமூகக் காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமையை இது தருகிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெந்தா லேகா என்ற கோண்டு கிராமம் 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது இந்த உரிமையைப் பெற்றது. 2011-இல் தன் மூங்கிலைத் தானே விற்கத் தொடங்கியது. கிராமசபை கூடி முடிவெடுக்கும், வருமானமும் கிராமசபைக்கே.

உத்தராகண்டில் இன்னும் பழைய மாதிரி உண்டு. பிரிட்டிஷ் வனத்துறை குமாவோன் மலைக்காடுகளைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்ததை எதிர்த்து 1921-இல் மக்கள் கொதித்தெழுந்தார்கள். காடுகளுக்கு நெருப்பு வைக்கும் அளவுக்குப் போனது. அந்தக் கோபத்தின் விளைவாக 1931-இல் 'வன் பஞ்சாயத்து' விதிகள் வந்தன. ஊரே தேர்ந்தெடுக்கும் குழு, ஊர்க்காட்டை நிர்வகிக்கும். புல் எப்போது அறுக்கலாம், காய்ந்த விறகு யார் எடுக்கலாம் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கும். இன்றும் 11,000-க்கும் மேற்பட்ட வன் பஞ்சாயத்துகள் அங்கே இருக்கின்றன.

கவனியுங்கள்: மெந்தா லேகாவிலும் உத்தராகண்டிலும் காட்டைக் காப்பவர்கள் தன்னார்வலர்கள் அல்லர், உரிமையாளர்கள். நகரத்துத் தன்னார்வலருக்கு உழைப்பு உண்டு, உரிமை இல்லை. இந்த வேறுபாடு புரியாமல் 'நம்ம காடு' என்று பேசிக்கொண்டிருந்தால், ஒருநாள் புல்டோசர் வரும்போதுதான் பேப்பரைத் தேட வேண்டியிருக்கும்.

இப்போது இது ஏன் இன்னும் அவசரமாகிறது?

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆரவல்லிக்கு ஒரு புதிய வரையறையை ஏற்றுக்கொண்டது. சுற்றியுள்ள நிலத்திலிருந்து 100 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தால்தான் ஆரவல்லிக் குன்று என்பது அதன் சாரம். அப்படியென்றால் தாழ்ந்த குன்றுகளின் கதி என்ன என்று ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 29 அன்று நீதிமன்றமே அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

இதில் நமக்கான பாடம் எளியது. ஒரு காட்டின் தலைவிதி, காட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, அது ஆவணத்தில் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே பல நேரம் அமைகிறது.

இதனால் யாருக்காவது இழப்பு உண்டா?

உண்டு, அதைப் பேசாமல் விடுவது நியாயமில்லை. நகரத்தின் விளிம்பில் இருக்கும் இத்தகைய நிலங்கள் பெரும்பாலும் பழைய கிராமப் பொது நிலங்கள். ஆடு மேய்த்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள், மாட்டுக்குப் புல் அறுத்தவர்கள் எல்லாம் அங்கே நடமாடியிருப்பார்கள். கிராமம் நகராட்சிக்குள் வந்ததும் நிலம் கைமாறும். அதன்பின் வேலி வரும், காவல் வரும். காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவருக்குக் கதவு திறந்திருக்கும், விறகு தூக்கி வரும் பெண்ணை நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்.

சீமைக்கருவேலத்தை 'கெட்ட மரம்' என்று ஒரே நாளில் அழிப்பதிலும் இதே சிக்கல். அது ஏழை வீட்டு அடுப்புக்கு விறகு. தமிழ்நாட்டில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். ஆகவே நல்ல மீட்புத் திட்டம், மரத்தைக் கட்டம் கட்டமாக எடுக்கும், வெட்டிய விறகைச் சுற்றுக் கிராமத்துக்குக் கொடுக்கும், புல் அறுக்கப் பருவம் ஒதுக்கும், நர்சரி வேலையை உள்ளூர்க்காரர்களுக்கே தரும். பக்கத்து ஊரைப் பகைத்துக்கொண்ட காடு, வேலி இருந்தாலும் நீடிக்காது.

நான் சேர விரும்புகிறேன். என்ன கேட்க வேண்டும்?

கைகொடுக்கும் முன் இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் அமைப்பென்றால் யோசியுங்கள்.

1. நிலம் யாருடையது? மாநகராட்சியா, வனத்துறையா, வருவாய்த்துறைப் புறம்போக்கா, தனியாரா? பராமரிக்க எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்கிறதா, எத்தனை ஆண்டுக்கு?

2. நடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது? புல்வெளி, ஏரிப்படுகை, புதர்க்காடு ஆகியவற்றுக்கும் சொந்த உயிர்கள் உண்டு. அவற்றின் மேல் மரம் நடுவது காப்பதாகாது.

3. எந்த இனங்கள்? உள்ளூர் இனமா, விதை எங்கிருந்து வந்தது? வேகமாக வளர்கிறதென்று ஊரெங்கும் நடப்பட்ட கோனோகார்பஸ் மரத்தை 2023-இல் குஜராத்தும் 2025-இல் தமிழ்நாடும் தடை செய்ததை மறக்க வேண்டாம்.

4. மூன்று கோடைக்குத் தண்ணீர் யார் ஊற்றுவார்கள்? அதற்குப் பணம் எங்கே?

5. பிழைத்த கன்றை யார் எண்ணுகிறார்கள்? 'எத்தனை நட்டோம்' என்பதற்குப் பதில், 'போன வருடம் நட்டதில் எத்தனை இருக்கிறது' என்று கேளுங்கள்.

6. சுற்றியுள்ள மக்களிடம் பேசினார்களா? இடத்தை முன்பு பயன்படுத்தியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

ஆர்வக்கோளாறில் நீங்களே அரிவாளை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். டெல்லியில் 1994 மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் மரம் வெட்டுவது குற்றம், சீமைக்கருவேலமாக இருந்தாலும். பிற மாநிலங்களிலும் விதிகள் உண்டு. முள்ளும் பாம்பும் இருக்கும் இடமென்பதால் மூடிய ஷூ கட்டாயம். உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள், அதுதான் அந்த மண்ணுக்கு உரம்.

சின்ன இடத்தில் இதெல்லாம் முடியுமா?

முடியும். சென்னை கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித்துறை நிலத்தை 2006 முதல் 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் மரப்பூங்காவாக மாற்றினார்கள். பரப்பு ஒரு சில ஏக்கர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடிக் களை எடுப்பதும் நீர் விடுவதும் மூடாக்குப் போடுவதுமாக அந்த இடம் வளர்ந்தது. அங்கேயும் நிலம் அரசுடையது, அங்கேயும் வேலை முடிவதில்லை.

காட்டைத் தேடிப் போக முடியாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2002 சட்டம். அந்தப் பகுதியின் செடி, கொடி, பறவை, விலங்கு பற்றிய மக்கள் பதிவேட்டை அந்தக் குழு தயாரிக்க வேண்டும். உங்கள் வார்டு எந்த உள்ளாட்சியில் வருகிறதோ, அங்கே குழு இருக்கிறதா, பதிவேட்டில் உங்கள் பக்கத்துத் தோப்போ ஏரிக்கரையோ இடம்பெற்றிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேட்கலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு மனுக் கட்டணம் பத்து ரூபாய், மாநிலங்களின் கட்டணம் அந்தந்த விதிப்படி. பதில் தர முப்பது நாள் அவகாசம். பதிவேட்டில் பெயரில்லாத தோப்பு, வரைபடத்தில் காலி மனையாகத்தான் தெரியும். பெயரை ஏற்றுவதற்கு நடவுப் பருவம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.